தங்காயிக்கு மாலை போட்ட நாள்

1. முதல் நாள்

டிவி நடிகை ஆக வேண்டும் என்று நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. எனக்குச் சான்ஸ் வாங்கிக் கொடுத்தது அவைதான்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் சீரியல் ஷூட்டிங். அதில் சமையல்காரியாக நடிக்க வந்த அம்மா வளைவுக்கு ஒரு தடவை வாந்தி எடுத்து, மேலே வந்து சேர்ந்ததும் பாயில் படுத்துவிட்டார். நாங்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தோம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மூச்சு வாங்க வந்து, "இங்க நல்லாப் பேசறது யாருங்க? ஒரே ஒரு வரிதான். பங்களாவுல கூப்புடறாங்க" என்றார்.

எல்லோரும் என் அக்கா ராசம்மாவைக் காட்டினார்கள். அக்கா இரண்டு விரலை மோவாயில் வைத்தாள். ரைட்டரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படிங்களா?" என்று இழுத்தாள். அது அவளுடைய வழக்கம். யாரைத் திட்டுவதென்றாலும் இந்த மூன்றும் வரிசையாக நடக்கும், அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். "நா வேசங்கட்டப் போனா என்ற கூடைய நீங்க ரொப்பறீங்களா? போய் வேற வேலையிருந்தாப் பாருங்க" என்றாள்.

ரைட்டர் என் பக்கம் திரும்பினார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, அக்கா வீட்டில் அவள் நிழலில் இருந்தவள் நான். யார் கூப்பிட்டாலும் போகிற நிலைமையில்தான் இருந்தேன்.

பங்களாவில் காமிராவுக்குப் பக்கத்தில் ஒருவர் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ப்ராம்ப்டர். டயலாக்கை அவர் வாசிக்க வாசிக்க நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. டைரக்டர் ஆக்‌ஷன் என்றதும் அவர், "அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பி, "வந்துட்டாங்களா? உக்காரச் சொல்லுங்க. எத்தனை பேருங்க?" என்றேன்.

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யம்மா, அவர் உங்ககிட்ட பேசல. சொல்றதத் திருப்பிச் சொல்லுங்க, போதும். பதில் சொல்லாதீங்க."

எங்கள் ஊரில் ஒருவர் பேசினால் பதில் சொல்லாமல் நிற்பவளை யாரும் மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். இரண்டாவது டேக்கிலும் "எத்தனை பேருங்க?" என்றுதான் வாயில் வந்தது. மூன்றாவது டேக்கில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா செய்வதைச் செய்தேன். இரண்டு விரலை மோவாயில் வைத்தேன். எதிரே பட்டுப்புடவையில் முதலாளியம்மாவாக நடித்தவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். "அப்படிங்களா?" என்று சம்பந்தமில்லாமல் இழுத்துவிட்டு, அப்புறம் மாப்பிள்ளை வீட்டார் வந்த செய்தியைச் சொன்னேன்.

லைட் பிடித்தவர்கூடச் சிரித்தார். டைரக்டர், "இந்தம்மாவ விட்றாதீங்கய்யா" என்றார். வாந்தி எடுத்த அம்மாவை அன்று மாலையே திருப்பி அனுப்பினார்கள். போகும்போதும் அதே இருபது வளைவுகள், பாவம்.

2. அக்காவின் கோபம்

அந்தச் சமையல்காரிக்குத் தங்காயி என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாள் வேலை ஆறு வருடம் ஓடியது. ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சாக்குப் பையுமாகச் சென்னைக்குப் போனேன். சாக்குப் பைக்குள் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்கள் என்னிடம், "உங்களுக்கு அந்த பாடி லாங்வேஜ் எப்படிம்மா வந்தது?" என்று கேட்கிறார்கள். திருடினேன். வேறு பெயர் சொல்லி மழுப்ப விருப்பமில்லை. நடை அக்காவுடையது. முந்தானையைச் செருகுவது அக்காவுடையது. "நீங்க நொம்ப நல்லவிங்க, உங்க வாயில மண்ணு விழுகோணுமுங்க" என்று மரியாதை குறையாமல் திட்டுவதும் அக்காவுடையதுதான்.

முதல் இரண்டு வருடம் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் ஆரம்பித்தது வினை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு சந்தையில், "தங்காயி, தக்காளி வேணுங்களா?" என்று கூப்பிட்டார்கள். மஞ்சக்குட்டை பஸ்ஸில் கண்டக்டர், "தங்காயி, உள்ள தள்ளி நில்லுங்க" என்றார். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் பக்கத்து வீட்டு மாடு புகுந்து அவளுடைய அவரைப் பந்தலைப் பாழாக்கிவிட்டது. நியாயம் கேட்கப் போய் நின்று, மோவாயில் விரலை வைத்தாள். மாட்டுக்காரர் குடும்பத்தோடு சிரித்தார். "அப்படிங்களா?" என்றாள். கை தட்டினார்கள்.

அன்றிலிருந்து அக்காவால் யாரிடமும் கோபப்பட முடியாமல் போனது. ஐம்பது வருடமாக அந்தக் கோபத்தை வைத்துத்தான் அவள் குடும்பத்தையே கட்டிக் காத்தாள். அந்தப் பொங்கலுக்கு நான் போனபோது என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பேச்சு நின்றதே தவிர, சத்தம் நிற்கவில்லை. பூனையைப் பார்த்து, "சென்னையில சோறு போட மாட்டாங்களாட்ட இருக்குது, எலும்பு தெரியுது" என்பாள். சொம்பைப் பார்த்து, "சுடுதண்ணி வெச்சிருக்குது, குளிக்கறவிங்க குளிக்கலாம்" என்பாள். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். என்னிடம் பேசாதவளுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எனக்கும் ரோஷம் இருக்கிறது. இப்படியே நாலு பொங்கல் போனது. சீரியலில் ஊரையே சிரிக்க வைத்துவிட்டு, லீவில் வந்தால் அக்கா வீட்டில் ஊமைபோல உட்கார்ந்திருப்பேன். உள்ளுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

3. நேராகப் பார்த்த போட்டோ

சீரியலில் ரியாக்‌ஷன் என்று ஒன்று எடுப்பார்கள். ஒரு சீன் முடிந்ததும் ஒவ்வொருவர் முகத்தையும் தனியாக, இடது பக்கம் பார்த்து அதிர்ச்சி, வலது பக்கம் பார்த்து முறைப்பு என்று எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆள் இல்லாத நாளில் அதை ஒட்டிவிடுவார்கள். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, ஒரு வளைகாப்பு முழுக்க என் முறைப்பை ஒட்டிவிட்டார்கள். கதையில் வரும் மருமகள் பிள்ளைத்தாய்ச்சி ஆனதே தங்காயிக்குப் பிடிக்கவில்லை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆகவே பெண்களே, எந்த முகத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதில் கவனம் இருக்கட்டும்.

இதைவிடக் கவனம் வேண்டியது போட்டோவில். ஒரு நாள் ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆள் வந்து, "அக்கா, நேரா பார்த்த மாதிரி, சிரிக்காம ஒரு போட்டோ இருந்தா குடுங்களேன்" என்று தலையைச் சொறிந்தார்.

இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாலை போட்டுச் சுவரில் மாட்டப்போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரிய நடிகர் கூலிங் கிளாஸ் போட்ட போட்டோவாகவே கொடுத்துக் கொடுத்து இரண்டு வருடம் உயிரோடு இருந்தார்.

டைரக்டரிடம் போனேன். "டிராக் மாறுதும்மா. ரேட்டிங் படுத்துடுச்சு, வீட்ல ஒரு சாவு வேணும்" என்றார். அப்புறம் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "உங்களுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல. உங்க ஊர்லயே எடுக்குறோம்" என்றார். சொந்த ஊரில் கொல்வதை மரியாதை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வேலை போவதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு நப்பாசையும் இருந்தது. தங்காயி செத்துப் போனால் அக்காவின் கோபம் அவளுக்கே திரும்பிப் போய்விடும். அப்புறமாவது என்னோடு பேசுவாள். அந்த ஒரு எண்ணத்தில்தான் போட்டோவைக் கொடுத்தேன். சிரிக்காமல் இருந்த ஒரே போட்டோ என் ஆதார் அட்டைக்கு எடுத்தது.

4. துக்க சீன்

ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா. பனி வேண்டும் என்று சென்னையிலிருந்து புகை மெஷினை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அதை இறக்கி வைத்ததும் நிஜப் பனி வந்துவிட்டது. இரண்டும் சேர்ந்ததில் காமிராமேனுக்குக் காமிராவே தெரியவில்லை. ஒரு மணி நேரம் எல்லோரும் டீ குடித்தோம்.

துக்கத்துக்குக் கூட்டம் வேண்டும் என்று தலைச்சோலையிலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் ஜீப்பில் பெண்களை அழைத்து வந்தார்கள். முதல் ஜீப்பின் முன்சீட்டிலிருந்து அக்கா இறங்கினாள், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில். "வா அக்கா" என்றேன். அவள் ஜீப் கதவிடம், "கூப்புடலீன்னாலும் நாங்க வருவோமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சுவரில் என் ஆதார் முகம். ரோஜா மாலை, கீழே விளக்கு. நான் காமிராவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சேரில். ப்ராம்ப்டர், "ஐயோ தங்காயி, எங்களை விட்டுப் போயிட்டியே" என்று வாசித்தார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

டைரக்டர், "ஏம்மா, அழுங்கம்மா" என்றார்.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி, "தங்காயின்னு எங்க ஊர்ல யாரும் சாவலீங்களே. இல்லாத ஆளுக்கு எப்படிங்க அழுவறது? போட்டோவுல இருக்கறது சரசுங்க. அவ அக்கா இங்கதான் இருக்கறாங்க. அவிங்க ஒப்பாரி எடுத்தாத்தான் நாங்க எடுப்போம்" என்றாள். அவள் சொன்னது ஊர் முறை. உடன்பிறந்தவள் இருக்கும்போது மற்றவர்கள் முந்திக்கொண்டு அழ மாட்டார்கள்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா போட்டோவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். டைரக்டர் சைகை காட்ட, காமிரா ஓடியது.

"ஏண்டி சரசு" என்று எடுத்தாள் அக்கா. நாலு வருடத்துக்குப் பிறகு அவள் வாயில் என் பெயர்.

"என்ற நடைய எடுத்துட்டுப் போனியே, முழங்கால் வலிய உட்டுட்டுப் போனியேடி. மோவாயில வெரல வெச்சா ஊரே சிரிக்குதே, நா யாருகிட்டடி கோவப்படுவேன்? நாலு வருசமாப் பூனைகிட்டப் பேசினேனே, ஒரு மறுவார்த்தை சொன்னியா நீ? எளச்சுப் போயி வந்தியே, சோறு தின்னியான்னு கேக்கறதுக்குள்ள பஸ் ஏறிட்டியேடி."

பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். கிளிசரின் பாட்டிலைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். நான் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததை எடுத்தாள்.

"போறவ சும்மா போனியா? என்ற இட்லிச் சட்டியவும் தூக்கிட்டுப் போனியேடி."

"நா எடுக்கலக்கா. உன்ற மருமவதான் பரண் மேல வெச்சா."

சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று எனக்கே தெரிந்தது. காமிரா ஓடுகிறது, மைக் ஓடுகிறது, செத்தவள் பதில் சொல்கிறாள். முதல் நாள் செய்த அதே தப்பு.

அக்கா திரும்பவில்லை. இரண்டு விரலை மோவாயில் வைத்தாள். போட்டோவை மாலையிலிருந்து விளக்குவரை ஒரு பார்வை பார்த்தாள். "அப்படிங்களா?" என்றாள்.

அழுதுகொண்டிருந்த கூட்டம் மொத்தமாகச் சிரித்தது. காமிராமேனின் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அப்புறம் அக்கா மெல்லத் திரும்பி, நாலு வருடத்தில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்து, "செத்தும் இவளுக்கு வாய் அடங்குதா பாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். டைரக்டர் கடைசிவரை கட் சொல்லவில்லை.

5. போட்டோவாக இருந்த காலம்

அந்தச் சீன் அப்படியே ஒளிபரப்பானது, சரசு என்ற பெயரையும் நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதையும் மட்டும் வெட்டிவிட்டு. ரேட்டிங் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த வாரமே டைரக்டர் போன் செய்து, "தங்காயி போட்டோ இனிமே பேசப்போகுதும்மா" என்றார். மேலும் இரண்டு வருடம் நான் போட்டோவாக வேலை பார்த்தேன். மரச் சட்டத்துக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, கழுத்தில் மாலையோடு உட்கார வேண்டும். நடக்க வேண்டியதில்லை, முழங்காலுக்கு நல்லது. தும்மல் ஒன்றுதான் தொந்தரவு.

ஒவ்வொரு எபிசோடும் முடிந்ததும் அக்கா போனில் கூப்பிடுவாள். "இன்னிக்கு மொறச்சது பத்தல கண்ணு, கண்ணுல சூடே இல்ல" என்பாள். ஊரில் இப்போது அவள் கோபம் வந்தால் மோவாயைத் தொடுவதில்லை. கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, எதிராளி பேசி முடிக்கும்வரை வானத்தைப் பார்க்கிறாள். மாடு மறுபடி புகுந்தபோது மாட்டுக்காரர் மிரண்டுபோய்ப் பந்தலைத் தானே கட்டிக்கொடுத்தாராம். "இதத் தொட்டீன்னா கொன்னுபோடுவேன்" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நான் தொடவில்லை. ஆசையாகத்தான் இருக்கிறது.

இந்தத் தொழில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, பக்கத்திலிருந்து வருகிற குரலுக்குப் பதில் சொல்லாதே என்பது. ஷூட்டிங்கில் அதை மறக்காதீர்கள். நான் செய்த முட்டாள்தனம், அந்தப் பாடத்தை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனதுதான். அக்கா பூனையிடமும் சொம்பிடமும் சொன்னதெல்லாம் எனக்குச் சொன்னது. அன்றைக்கே ஒரு "சரிக்கா" சொல்லியிருந்தால் நாலு பொங்கல் வீணாகியிருக்காது. ஒருவருடைய நடையை, பேச்சை எடுத்து நடிப்பதானால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்கத் தவறினால், அவர் திட்டும்போது எதிரில் இருங்கள், எழுந்து பஸ் ஏறாதீர்கள்.

சாக்குப் பையில் இருந்தது இட்லிச் சட்டிதான். ஆறு தட்டு, அலுமினியம், இன்றைக்குக் காலையில்கூட அதில்தான் சுட்டேன். அக்கா, உன் பேத்தி இதை உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மருமகள்மேல் பழியைப் போட்டது தப்பு. திட்டுவதானால் பூனையிடம் சொல்லாதே, நேராக எனக்குப் போன் போடு. எடுக்கிறேன்.