பம்ப் நின்றபோது: கலும்பாங் முனியாண்டி கோயில்

சென்ற பள்ளி விடுமுறையில் அண்ணனோடு, மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள கலும்பாங் போய் வந்தேன். அண்ணன் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவர். அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது, உச்சி வேளையில் போய் நின்றால் நெஞ்சு அதிரும், கடைக்கண்ணில் நிழல் அசையும் என்று அவருடைய மாணவர் ஒருவர் சொல்லியிருந்தார். அண்ணன் அதிர்வு அளக்கும் கருவியோடு கிளம்பினார். நான் நெற்றி நிறையத் திருநீறோடு.

குவாலா சிலாங்கூரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் ராசா என்ற சிற்றூரில் தேநீரும் ரொட்டி சானாயும், இருவருக்கும் எட்டு வெள்ளி, அதாவது எட்டு ரிங்கிட். கலும்பாங் தாண்டியதும் செம்மண் பாதை. மழை பெய்திருந்தால் சின்னக் காரில் போகாதீர்கள்.

கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் மாரியாயி அக்கா, தோட்டத்தில் வேலை செய்பவர். நான் சாமி முன்னால் நின்றேன். காற்றில்லை, ஓலைகூட அசையவில்லை. ஆனால் விலாவுக்குள் ஏதோ உறுமியது. பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பினால் செம்பனை வரிசை மட்டும்.

"என் மவன்தான்," என்றார் அக்கா, சாதாரணமாக. போன வருடம் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவன். "தெனமும் இந்த நேரத்துக்கு வந்துருவான்."

அண்ணன் கருவியைப் பார்த்தார். "அக்கா, பக்கத்துல பெரிய பம்ப் ஏதாச்சும் ஓடுதா?"

"ஆமா, ஆத்தோரம். தெனம் உச்சிக்குப் போடுவாங்க. என் கொழுந்தன்தான் பாக்குறாரு."

காதுக்குக் கேட்காத தாழ்ந்த அதிர்வு பம்பின் குழாய் வழியாகக் கோயில் சுவருக்கு வருகிறது, அது உடம்பில் பயத்தைக் கிளப்பலாம் என்று அண்ணன் விளக்கினார். அக்கா உடனே கொழுந்தனுக்குப் போன் போட்டார். "நிறுத்தச் சொல்லிப் பாத்துருவோம் லா."

பம்ப் நின்றது. நெஞ்சின் அதிர்வும் நின்றது. அண்ணன் சொன்னது சரிதான். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அமைதி முன்னதைவிடப் பயமாக இருந்தது, ஆட்கள் காலி செய்து போன வீட்டுக்குள் நிற்பதுபோல. அக்கா நிழலைத் தேடுவதுபோல் பக்கவாட்டில் பார்த்தபடியே நின்றார்.

"நீங்க சொல்றது புரியுது தம்பி. பம்ப்புதான். திரும்ப எப்பப் போடச் சொல்றது?"

அண்ணன் போனை அவரிடமிருந்து வாங்கி, கொழுந்தனிடம் "போடுங்கண்ணே," என்று தானே சொன்னார். உறுமல் திரும்பி வரும்வரை அக்காவின் பக்கத்திலேயே நின்றார்.

காரில் ஏறியதும் கேட்டேன், "நீயே ஏன் போடச் சொன்னே?"

"அவங்க மொகத்தப் பாத்தியா நீ?"

போக நினைப்பவர்கள் தோட்டக் காவலரிடம் சொல்லிவிட்டு, உச்சிக்கு முன்பே போய்ச் சேருங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் கடை இல்லை. காரணம் தெரிந்த பிறகும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அக்கா அங்கே இருந்தால் பம்பைப் பற்றிப் பேச வேண்டாம். அவருக்குத் தெரியும்.