சேரின் கடைசிப் பதில்

டிக்கோயா தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்த யாழ்ப்பாணத்து ஆசிரியரை, இடமாற்றத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை பிற்பகல் கண்டேன். ஒல்லியான மனிதர், வெயிலிலும் கழுத்துவரை பொத்தானிட்ட கம்பளிச் சட்டை. ஆளில்லாத வகுப்பறையில் கைபேசியைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் போட்ட பாட வீடியோக்கள் பாடசாலைக் கணக்கு உள்ளவர்களுக்கே திறக்கும். திங்கட்கிழமை அவருடைய கணக்கை மூடிவிடுவார்கள்; அவர் எழுதிய பதில்களும் அதோடு அழிந்துவிடும்.

"பாடத்தையெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா சேர்?" என்றேன்.

"பாடம் பள்ளிக்கூடத்தின்ர. அதுக்குக் கீழ பிள்ளையள் எழுதினதைத்தான் கொண்டுபோறன்."

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் திகதி இட்டிருந்தார். 'வெளங்கல சேர்.' 'சத்தம் கேக்கல சேர்.' 'சேர் சாப்ட்டீங்களா?'

"சாப்ட்டீங்களான்னு கேட்டதுக்கு என்னா பதில் போட்டீங்க?"

"பாடத்தோட சம்பந்தமில்லை எண்டு விட்டிட்டன்."

கொப்பியை மூடிவிட்டு, கைபேசியில் அந்தக் கேள்விக்குக் கீழே 'ஓம், சாப்பிட்டன். நீங்கள்?' என்று தட்டினார். கேள்வி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளை திங்கட்கிழமைக்கு முன் அதைப் பார்த்ததா என்பதை என்னால் இன்றுவரை அறிய முடியவில்லை.