ஏர்கான் அறையில் ஸ்கோன்

சிங்கப்பூரின் தோ பாயோவில் நான் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் இப்போதுதான் விடிகிறது. கதவைத் தட்டிவிட்டு, வீட்டுக்கார அக்கா மாலதி மாவுக் கிண்ணத்தோடு என் அறைக்குள் வருகிறார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெண்ணெய்த் துண்டுகளை விரல்நுனியால் மாவோடு உதிர்க்கிறார். உலர்திராட்சையும் முந்திரியும் மடியில் தயாராக இருக்கின்றன.

"என்னக்கா, இங்க வந்து பிசையுறீங்க?"

"பசியாற ஸ்கோன் ரொட்டி லா. கிச்சன்ல ஒரே சூடு. வெண்ணெய் உருகிட்டா ரொட்டி உப்பாது, கல்லு மாதிரி ஆயிடும். நம்ம வீட்ல இந்த ரூம்ல மட்டும்தான் ஏர்கான்."

காலை மடக்கி, கிண்ணத்துக்கு இடம் விடுகிறேன்.

நேற்று நான் படுக்கப் போகும்போது, "ஏர்கான மட்டும் அணைச்சிடாதீங்க" என்று இரண்டு முறை சொன்னார். விருந்தாளி மேல்தான் என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோய்த் தூங்கினேன்.