நான்காவது எலுமிச்சம்பழம்

ஒரு கார் நடுச்சாலையில் நின்றுபோக வேண்டும் என்று மாதக்கணக்கில் சாமி கும்பிட்டவன் நான். முகம் தெரியாத யாருடைய காரோ அல்ல, என் சித்தப்பாவின் கார். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இன்று தலை முழுக்க நரைத்துவிட்டது. சித்தப்பாவும் இல்லை, அப்பாவும் இல்லை. சொல்லவேண்டிய இடத்தில் முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு மத்திய அமைச்சகத்தில் குமாஸ்தா வேலை. அம்மாவின் தங்கையான சித்தி ஜனக்புரியில் இருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் சகலைகள். சகலைகளுக்குள் யார் உயர்த்தி என்ற கணக்கு எந்தக் குடும்பத்திலும் வாய்விட்டுப் பேசப்படுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். எங்கள் குடும்பத்தில் அப்பாதான் உயர்த்தி. அப்பா பட்டதாரி, பென்ஷன் உள்ள வேலை, தலைநகரத்தில் சர்க்கார் வீடு. சித்தப்பா டிப்ளமோ படித்தவர், ஏதோ ஓர் அரசாங்கப் பணிமனையில் எண்ணெய்க் கையோடு நிற்பவர். திண்டுக்கல்லில் தாத்தா வீட்டுக்குப் போனால் முதல் இலை அப்பாவுக்குத்தான் விழும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து குர்கானில் கார் தொழிற்சாலை வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. அங்கே போகலாமா என்று யோசனை கேட்கச் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தாராம். சர்க்கார் வேலையை விட்டுவிட்டு ஜப்பான்காரனை நம்பிப் போகிறவன் நாளைக்குக் குடும்பத்தோடு தெருவில் நிற்பான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். சித்தப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த மாதமே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் எட்டாம் வகுப்பில் இருந்த கோடையில், அந்தத் தொழிற்சாலையில் செய்த ஒரு சின்ன வெள்ளைக் கார் சித்தப்பாவின் சொந்தக் காராகி எங்கள் வாசலில் வந்து நின்றது.

அந்தக் கார் அப்போது எப்பேர்ப்பட்ட விஷயம் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்கு முன் தில்லியில் ஓடிய கார்கள் எருமை மாதிரி கனமானவை. குளிர்காலக் காலையில் அவை தாமாகக் கிளம்பியதாக எனக்கு நினைவில்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் தம்முடைய பழைய கறுப்புக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு 'தக்கா, தக்கா' என்று கூப்பிடுவார். குடியிருப்பின் ஆண்கள் எல்லோரும் பல் விளக்குவதை நிறுத்திவிட்டுப் போய்த் தள்ளுவார்கள். இந்த வெள்ளைக் காரோ சாவியைத் திருப்பினால் பூனை செருமுவதுபோல ஒரு சத்தத்தோடு கிளம்பிவிடும். கதவைச் சாத்தினால் அறைந்து மூட வேண்டியதில்லை. 'டப்' என்று தானே பொருந்திக்கொள்ளும். அந்த 'டப்' எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. சித்தியின் மகன், என்னைவிட ஒரு வயது இளைய தம்பி, வேண்டுமென்றே கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அப்பா பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, "தீப்பெட்டிக்குச் சக்கரம் வெச்சாப்ல இருக்கு" என்றார்.

அம்மாவுக்குச் சூதுவாது தெரியாது. "இருக்கட்டுமே. என் தங்கச்சி இனிமே வெயில்ல பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம்ல" என்றாள். அப்பா உள்ளே போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். எனக்கு அம்மாவின் மேல்தான் கோபம் வந்தது.

வண்டிக்குப் பூஜை போட எல்லோரும் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனோம். அவர்கள் காரில், நாங்கள் நடந்து. எங்களையும் ஏறச்சொல்லி சித்தப்பா மன்றாடினார். இரண்டு தெரு தள்ளியிருக்கிற கோயிலுக்குக் கார் எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பி மட்டும் இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். தில்லியிலேயே பிறந்தவன், அவன் பேசுவதில் பாதி இந்தி. "பையா, நீ ஆகே பைட்டோ. நான் பின்னாடி போயிக்கறேன்" என்றான். எந்நேரமும் தான் உட்கார்ந்திருக்கும் முன்சீட்டை எனக்குத் தருகிறானாம். அவன் பெருமை பீற்றியிருந்தால் தாங்கியிருப்பேன். விட்டுக்கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. வயிறு வலிக்கிறது, நடந்தே வருகிறேன் என்றேன்.

குன்றின் அடிவாரத்தில் காரை நிறுத்தி, குருக்கள் வந்து சந்தனம் குங்குமம் வைத்தார். பெரியவர்கள் காரின் முன்னால் தேங்காய் உடைக்கும் இடத்தில் நின்றார்கள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். சித்தப்பா முன்சக்கரங்களுக்கான பழங்களைத் தம்பியிடம் கொடுத்தார். பின்சக்கரங்களுக்கானவற்றை என்னிடம் கொடுத்து, "பெரியவன் நீ, சரியா நடுவுல வெய்யி" என்றார்.

நான் காரின் பின்னால் போய்க் குனிந்தேன். வலப்பக்கச் சக்கரத்துக்கு வைத்தேன். இடப்பக்கச் சக்கரத்தின் கீழேயும் வைத்தேன். வைத்த கையாலேயே அதை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குத் தெளிவான பதில் இருந்தது. பூஜை குறைபட்டால் வண்டி ஓடாது. ஓடாவிட்டால் சித்தி பஸ்ஸுக்கு நிற்பாள். அப்பா மறுபடி முதல் இலையில் உட்காருவார்.

கார் நகர்ந்தது. மூன்று பழங்கள் நசுங்கின. முன்னால் நின்றவர்கள் கைகூப்பினார்கள்.

பையில் இருந்த பழத்தை வீட்டுக்கு வந்து சமையலறைக் கூடைக்குள் போட்டுவிட்டேன். மதியம் அம்மா அதைப் பிழிந்து விருந்தாளிகளுக்கு ஜூஸ் போட்டாள். சித்தப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்று இன்னொரு தம்ளர் கேட்டார்.

அன்றிலிருந்து நான் காத்திருக்கத் தொடங்கினேன். காலையில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று, பரீட்சைக்கு வேண்டிக்கொள்வதற்கும் முன்பாக அந்தக் காருக்கு வேண்டிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா குடும்பத்தோடு வருவார். வாசலிலேயே பிடித்துக்கொள்வேன். "வண்டி எப்படி இருக்கு சித்தப்பா? எங்கயாவது நின்னுச்சா?" எங்கேயும் நிற்கவில்லை என்பார். ஹரித்வார் போய் வந்தார்கள்; நிற்கவில்லை. மழைக்காலத்தில் மின்டோ பாலத்தின் கீழே தேங்கிய தண்ணீரில் பஸ்ஸெல்லாம் மூழ்கிக் கிடந்த நாளில்கூட அந்தத் தீப்பெட்டி சுற்றுவழியாக வந்து சேர்ந்தது. முருகனைவிட ஜப்பான்காரன் பலசாலியோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், என்னுடைய விசாரிப்பைச் சித்தப்பா ஆசை என்று எடுத்துக்கொண்டார். இந்தப் பையனுக்குக் கார் என்றால் உயிர், இவன் என்ஜினீயர் ஆவான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வாராவாரம் எனக்கு அந்தக் கம்பெனியின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அதை ஆரம்பித்த மனிதர் முதலில் செய்தது காரே அல்லவாம், துணி நெய்யும் தறியாம். தறி விற்பது குறைந்தபோது சைக்கிளில் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்திப் பார்த்தாராம். அதிலிருந்து மோட்டார் சைக்கிள், அதிலிருந்து கைக்கடக்கமான கார். அவர்கள் ஊரில் தெரு குறுகல், பெட்ரோல் அருமை. அதனால் ஒரு திருகாணியைக்கூட வீணாக்காமல் செய்யப் பழகிவிட்டார்கள் என்று தம் வீட்டுப் பெரியவரைச் சொல்வதுபோலச் சொல்வார்.

செய்தித்தாளுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வரும். "தறிக்காரன் செஞ்ச காரா? அதான் தகரம் வேட்டி மாதிரி மெல்லிசா இருக்கு."

சித்தப்பாதான் முதலில் சிரிப்பார். அப்பாவின் எந்தக் கிண்டலுக்கும் அவர் மனசாரச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு நாள், தொழிற்சாலையில் பெரிய மேனேஜரும் ஸ்பானர் பிடிக்கிறவரும் ஒரே நிறச் சட்டை, ஒரே கேண்டீன், ஒரே வரிசை என்றார். அப்பா பேப்பரைக் கீழே இறக்கினார். "ஆபீசரும் பியூனும் ஒரே வரிசையில தட்ட ஏந்துறதா? அப்புறம் எதுக்குய்யா ப்ரமோஷன்?" அதற்கும் சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அப்பாவின் பக்கம் நின்று சிரித்தேன். அந்தக் காரில் மட்டும் நான் ஏறவே இல்லை. தம்பி அழைக்கும்போதெல்லாம் வீட்டுப்பாடம், தலைவலி என்று ஏதாவது சொல்லிவிடுவேன்.

ஜனவரி வந்தது. ஒருநாள் விடியும் நேரத்தில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். முந்தின நாளிலிருந்தே வலியாம், சொல்லவில்லை. முகமெல்லாம் வியர்வை. வெளியே கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. அப்பா ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து உதைத்தார். அது கிளம்பியிருந்தாலும் அம்மாவால் அதில் உட்கார்ந்திருக்க முடியாது. தெருமுனையில் ஓர் ஆட்டோகூட இல்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் தம்முடைய காரை எடுக்கப் பார்த்தார். எத்தனை தக்கா கொடுத்தும் அது இருமிக்கொண்டே கிடந்தது.

அப்பா அந்த வீட்டுத் தொலைபேசிக்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு எண்ணைச் சுழற்றினார். "தம்பி, வண்டிய எடுத்துட்டு வர முடியுமா" என்று கேட்டார். அவர் யாரிடமும் எதையும் அந்தக் குரலில் கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பனியில் ஜனக்புரியிலிருந்து சித்தப்பா எப்படி வந்தாரோ. பனியனுக்கு மேலே ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. அம்மாவை ரஜாய்ப் போர்வையால் சுற்றிப் பின்சீட்டில் கிடத்தினோம். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அப்பா முன்னால். கதவு 'டப்' என்று மூடிக்கொண்டது. நான் அந்தக் காரில் ஏறியது அதுதான் முதல்முறை.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் கையால் பூஜையைக் கெடுத்த வண்டியில், இத்தனை நாள் நின்றுபோகச் சொல்லி வேண்டிக்கொண்ட வண்டியில், அம்மாவை ஏற்றிவிட்டோம். முருகன் கோரிக்கைகளைத் தாமதமாகத்தான் நிறைவேற்றுவார் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். இப்போது நிறைவேற்றிவிடாதே, இப்போது மட்டும் வேண்டாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வேண்டினேன். அம்மாவின் முனகல் குறைந்துகொண்டே வந்தது. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

ரிங் ரோட்டில் ஒரு சிக்னலில் சிவப்பு விளக்கு. தண்ணீரில் கரைத்த குங்குமம்போல எங்கேயோ உயரத்தில் தெரிந்தது. சித்தப்பா வண்டியை நிறுத்தினார். நிறுத்தியதும் சத்தமே இல்லை. நான் ஏறியிருந்த வாகனங்கள் எல்லாம் சிக்னலில் நின்றால் உடம்பையே குலுக்கும். இதில் ஒன்றுமில்லை. ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை.

நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"சித்தப்பா" என்றேன். "பூஜை அன்னைக்கு ஒரு சக்கரத்துக்கு நான் எலுமிச்சம்பழம் வெக்கல. எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். வண்டி ஓடக்கூடாதுன்னு. அதான் இப்ப நின்னுபோச்சு."

சித்தப்பா பாதத்தை லேசாக அழுத்தினார். முன்பக்கத்திலிருந்து மெதுவாக ஓர் உறுமல் வந்தது.

"நிக்கலடா. இது நிக்கிறப்ப சத்தம் கேக்காது. அவ்ளோதான்."

நான் அழத் தொடங்கினேன். அப்போது அப்பா பேசினார். திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"இவன் எடுத்தத நான் பாத்தேன். பின்னாடி வேப்பமரத்தடியிலதான் நின்னேன். பாத்துட்டு, பேசாம இருந்துட்டேன்."

சித்தப்பாவின் கை கியரின் மேல் இருந்தது. பச்சை விழுந்தது. வண்டியை எடுத்த பிறகு சொன்னார்: "அண்ணே, எனக்கு ரோடு சரியாத் தெரியல. கண்ணாடிய எறக்கிப் பாத்துச் சொல்லுங்க."

அப்பா கண்ணாடியை இறக்கி, அந்தக் குளிரில் தலையை வெளியே நீட்டினார். "நேரா போ தம்பி" என்றார். "கொஞ்சம் எடது. இப்ப நேரா." ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் சொல்லச் சொல்ல, சித்தப்பா "சரிண்ணே, சரிண்ணே" என்று ஓட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்குக் குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்தது. அன்று காலையிலேயே அறுத்து எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

கோயில் நந்தவனத்தில் ஒரு பூவைப் பறித்தாலே காதைத் திருகுகிற அப்பா, அன்று மரத்தடியில் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றார் என்பது எனக்குப் புரிய நான் ஒரு குடும்பத்தின் தலைவனாக வேண்டியிருந்தது. அந்தக் காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா என்னைக் காட்டிக்கொடுக்காமல் இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறார் என்பதுதான். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

சித்தப்பாவைப் பற்றி நான் நினைத்தது வேறு. அந்தச் சிக்னலைத் தாண்டியதுமே பனி விலகத் தொடங்கியிருந்தது. பின்சீட்டில் இருந்த எனக்கே சாலையின் நடுவில் போட்டிருந்த வெள்ளைக்கோடு தெரிந்தது. வெகுதூரத்தில் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் போன பால்காரரும் தெரிந்தார். சித்தப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, பாவம், கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.