பக்கத்து டேபிள் அக்காவின் கண்

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. பக்கத்து டேபிளில் ஓர் அக்கா நிற்பார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தைத்து முடிந்த பீஸ் எங்களிடம்தான் வரும். ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, ஊசி ஓட்டையோ ஆயில் கறையோ இருந்தால் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். பல வருஷமாக நான் அதில் கெட்டிக்காரி. நாற்பதைத் தாண்டியதும் அந்தப் பேர் போய்விட்டது.

கறுப்புத் துணிதான் முதலில் காலை வாரியது. கிட்டே பிடித்தால் கலங்கலாகத் தெரிந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் கலங்கல் போகும், ஆனால் ஓட்டை கண்ணுக்கு அகப்படாத அளவு சின்னதாகிவிடும். சாயங்காலமானால் புருவத்துக்கு மேலே வலி. நான் பாஸ் பண்ணிய பீஸ்கள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னார்.

“கோவிச்சுக்காதீங்க்கா. நீங்க பாத்த கறுப்பு பீஸையெல்லாம் இனி அந்தக்கா ஒருக்காப் பாத்துறட்டுங்க.”

வேறு யாரைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அந்த அக்கா கம்பெனி வேனிலும் கேன்டீனிலும் கண்ணாடி போட்டிருப்பார். டேபிளுக்கு வந்ததும் அதைத் தலைமேல் ஏற்றிவிட்டு, வெறும் கண்ணோடு துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். ஸ்டிக்கர் சரியாக ஓட்டைமேல் விழும். கண்ணாடியே தேவைப்படாத கண்ணுக்குக் கண்ணாடி என்ன பவுசுக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் டேபிளிலிருந்து போன பீஸில் ஒட்டுவதற்கு அவர் ஸ்டிக்கரை உரிக்கும் சத்தம் கேட்டாலே வயிறு எரியும். அவர் கண்ணுக்கு ஏதாவது வரக்கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை வேனில் அவரே பேச்சை எடுத்தார்.

“ஏனம்மிணி, உங்க தலைவலி கண்ணாலதான் இருக்கும். நாளைக்கு நா என்ற கண்ணாடிய மாத்தப் போறேன். கூட வாங்க, டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம்.”

“எனக்கு நல்லாத்தானுங்க்கா தெரியுது” என்றேன். ஆனாலும் போனேன். தலைவலி ஒரு காரணம். அவர் கண்ணைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிடும் ஆசை, அதைவிடப் பெரிய காரணம்.

வேலம்பாளையத்தில் ஒரு கண்ணாடிக் கடை. கடைக்குப் பின்னால் இருட்டான நீள அறை, அதன் கோடியில் வெளிச்சமாக எழுத்துப் பலகை. டெஸ்ட் செய்கிற பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். “எங்கூட வேலை செய்யறவங்கதான், உள்ளயே இருக்கட்டுங்க” என்று அக்கா என்னையும் உள்ளே கூட்டிக்கொண்டார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கச் சொன்னாள் அந்தப் பெண். மேலே இருந்த பெரிய எழுத்தை மட்டும் அக்கா சொன்னார். அடுத்த வரியில் தடுமாறினார். அதற்குக் கீழே, “ஒண்ணும் தெரியலீங்” என்றார். நான் அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கடைசி வரிவரைக்கும் மனதுக்குள் படித்து முடித்தேன். அவ்வளவு நாள் எரிந்துகொண்டிருந்த வயிறு குளிர்ந்தது.

அடுத்தது என் முறை. ஒரு மெஷினில் தாடையை வைத்து உள்ளே பார்க்கச் சொன்னாள். நீளமான ரோடு, அதன் முடிவில் ஒரு வீடு. வீடு மங்கிப் பிறகு தெளிந்தது. இன்னொரு மெஷின் கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்தது, நான் துள்ளிவிட்டேன். கண் பிரஷர் பார்க்கத்தான், வலிக்காது என்றாள். பலகையை நான் கடகடவென்று படித்தேன். அக்காவுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே படித்தேன். பிறகு ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுத்தாள். பாதிக்குக் கீழே எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கனமான ஒரு ஃப்ரேமை மூக்கில் மாட்டி, வில்லை வில்லையாகப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டே போனாள். எனக்கு வியர்த்தது.

“தப்பாச் சொல்லிட்டா?”

“இதுல சரி, தப்பெல்லாம் இல்லீங்க்கா. எது தெளிவாத் தெரியுதோ அதச் சொல்லுங்க, போதும்.”

முடித்துவிட்டு விளக்கினாள். எனக்குத் தூரம் பிரமாதம், வயதினால் கிட்டே பார்ப்பதுதான் குறைந்திருக்கிறது. அக்காவுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாமல் தூரத்தில் எதுவும் தெளியாது. கழற்றினால் பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த வயதிலும் ஊசி ஓட்டை தெரிகிறது.

“அப்ப அவங்களுக்குக் கிட்டப் பாக்கறதுக்குக் கண்ணாடியே வேண்டாங்களா?” என்றேன்.

“இப்போதைக்குக் கழட்டினாலே போதுங்க.”

கொஞ்சம் முன்னால் குளிர்ந்த வயிறு மறுபடி எரிந்தது. குறையுள்ள கண், அந்தக் குறையிலும் அவருக்கே லாபம்.

வெளியே ஃப்ரேம் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார், “கடைசி வரியக்கூட நீங்க படிச்சதக் கேட்டு எனக்குப் பொறாமையாப் போச்சு அம்மிணி. பள்ளிக்கூடத்துல போர்டுல எழுதறது ஒண்ணும் எனக்குத் தெரியாது. மக்குன்னு அடிச்சாங்க. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. கண்ணுதான் கோளாறுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ரெண்டு கொழந்தைங்க.”

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். அவர் எடுத்துக் கொடுத்த பழுப்பு ஃப்ரேமை மாட்டிச் சுவர்க் கண்ணாடியில் முகம் பார்த்தேன். அவர் முகத்துக்குத்தான் அது எடுப்பாக இருந்திருக்கும். அதையே வாங்கினேன்.

கண்ணாடி கைக்கு வந்த நாள் கறுப்புத் துணி லாட்தான் ஓடியது. துணியின் கண்ணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. டேபிளை விட்டு நிமிர்ந்தால் எதிரே எல்லாம் மங்கும். பழகச் சில நாள் பிடித்தது. கொஞ்ச நாளில் என் பீஸை அக்காவிடம் அனுப்புவதை சூப்பர்வைசர் நிறுத்திவிட்டார். கேன்டீனில் அக்காவே எல்லாரிடமும் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

ஆனாலும் சாயங்காலம் பார்த்தால் அவர் அடுக்கியது என் அடுக்கைவிட உயரமாகத்தான் இருக்கிறது. கண் சரியான பிறகுதான் அவர் கையைக் கவனித்தேன். பனியனை ஒரே உதறலில் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிவிடுகிறார். எப்படியென்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். என் கையைப் பிடித்தே சொல்லிக் கொடுத்தார். எனக்கு இன்னும் வரவில்லை.