தின்னிப்பண்டாரம் ஆனவள்

அந்த முதியோர் இல்லத்து ஆயாவுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. சமையல்காரர் வாயிலிருந்து 'தின்னிப்பண்டாரம்' என்ற பட்டம் விழுந்த பிறகு, அந்தப் பேரை எல்லாரும் மறந்துபோனார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எட்டே மாதத்தில் பட்டத்துக்கு ஏற்ற உடம்பும் வந்து சேர்ந்தது.

பட்டத்துக்குப் பொருள் சொன்னவர் ஆறாம் கட்டில்காரர். அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்தியவர், அதனால் அச்சாபீஸ் ஐயா.

"பண்டாரம்னா களஞ்சியம்மா. தின்னதையெல்லாம் கொட்டி வைக்கிற களஞ்சியம்னு திட்டுறாங்க. வீடு வீடா வாங்கிச் சாப்பிடுற பண்டாரத்தைச் சொன்னதுன்னும் சொல்வாங்க. எது மூலம்னு எனக்கும் நிச்சயமாத் தெரியல."

"எதுவா இருந்தா என்னங்கய்யா, திட்டு திட்டுதானே."

"திட்டு உனக்கு. தீனி என்னோடது," என்றார். சிரிக்கவில்லை.

உண்மைதான். அவள் தின்றது அவருடைய சாப்பாட்டைத்தான்.

தட்டுகள் திரும்பும்போது ஆயா ஒரு தாளில் குறிக்க வேண்டும்: முழுசு, பாதி, இல்லை. தொடர்ந்து மூன்று நாள் 'இல்லை' என்றால் பின்கட்டு அறை. அங்கே மூக்கில் குழாய் போட்டு ஆகாரம் ஊற்றுவார்கள். போனவர் யாரும் முன்கட்டுக்குத் திரும்பியதில்லை. ஐயாவின் மனைவி அங்கே பதினோரு நாள் கிடந்தாள். குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவர் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ரெண்டு வாய்க்கு மேல் தட்டைத் தள்ளிவிடுவார். "என்னை அங்க மட்டும் அனுப்பிடாதம்மா," என்று ஆயாவின் கையைப் பிடித்தார். பிடித்த கை விடவில்லை. அவளும் சரி என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மிச்சத்தை எங்கே கொட்டுவது? எச்சில் வாளியை மேற்பார்வையாளர் தினமும் எட்டிப் பார்ப்பார். கழிவறையில் கொட்டி ஒருமுறை அடைத்துக்கொண்டது. வயிறு ஒன்றுதான் யாரும் திறந்து பார்க்காத இடம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த வயிற்றில், துணி அலமாரிக்குப் பின்னால் நின்றபடி அள்ளிப் போட்டுக்கொண்டாள். முட்டை வைத்த நாட்களில் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைப்பானேன்? ஒருநாள் கன்னம் உப்பியிருக்கச் சமையல்காரர் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தால் ஐயா பின்கட்டில். ஆகவே வாயைத் திறக்காமல் பட்டத்தை வாங்கிக்கொண்டாள்.

தாள் மேற்பார்வையாளரோடு நிற்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு புதன்கிழமை டாக்டர் அதை அவள் கையிலிருந்தே வாங்கிப் பார்த்தார்.

"மூணு வேளையும் முழுசா சாப்பிடுறார். ஆனா உடம்பு உருகுது. சர்க்கரைதான் கரைக்குது. இன்சுலின் ஊசியக் கூட்டிப் போடுங்க," என்றார் நர்ஸிடம். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி இரண்டு வாரமாக ரிப்பேர்.

ஆயா உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். ஐயா அவளையே பார்த்தார், மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவள் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவர் ஒரு வாய்கூடத் தொடவில்லை. அவருடைய ரொட்டியையும் முட்டையையும் அவள் தின்றாள், முழுசு என்று எழுதினாள். தாளைப் பார்த்து நர்ஸ் ஊசி போட்டாள். பத்து மணிக்கு அவர் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. ஆயாவைப் பார்த்து மனைவியின் பேரைச் சொன்னார். டாக்டருக்கு ஆள் போனது, அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வெறும் வயித்துல ஊசி போட்டாதான் இப்படி வேர்க்கும்," என்றாள் நர்ஸ், போர்வையை இழுத்துவிட்டபடி. "இவர்தான் முழுசா சாப்பிட்டிருக்காரே. வயசுதான், வேறென்ன."

ஆயா கழிவறைக்குப் போய்த் தொண்டையில் விரலை விட்டாள். எதுவும் வரவில்லை. எல்லாம் செரித்துப் போயிருந்தது.

பத்து நாள் கழித்து ஆறாம் கட்டிலுக்கு ஒரு அம்மாள் வந்தாள், தனி ஆள். மூன்று நாளாகத் தட்டைத் தொடவில்லை. பின்கட்டைப் பற்றிப் பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் தட்டை ஆயா பக்கம் நகர்த்தினாள்.

"நீ தின்னுடுவியாமே. தின்னுடு, தாயி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆயா தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் முட்டை இருந்தது. தாளை எடுத்து 'இல்லை' என்று எழுதினாள்.

மறுநாள் காலை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவளும் அவள்தான். பின்கட்டுக் கதவு திறந்ததும் அந்த அம்மாள் திரும்பினாள்.

"தின்னிப்பண்டாரம். ஊரான் சோறெல்லாம் இறங்குச்சு, என் சோறு மட்டும் உனக்குக் கசந்துருச்சா?"