தள்ளிக் குந்து, இன்னொரு ஆளு வருது

கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரை ஏற்றிவிட்டு, பத்தாவது ஆளுக்காகக் கத்திக்கொண்டிருந்தபோது பாட்டுப் பாடுகிற பையன் தீனாவின் போன் வந்தது.

"கம்பி அண்ணன் போய்ட்டாரு மாமா" என்றான்.

"எந்த ஊருக்குடா?" என்று கேட்டேன்.

அதுதான் என் வாய். எதைச் சொன்னாலும் ஒரு தடவை திருப்பிப் போட்டுச் சிரித்துவிட்டுத்தான் அதற்கு அர்த்தம் புரியும். தீனா அழுதான். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் எபினேசர். அவன் பாட்டைக் கேட்ட உங்களில் பாதிப் பேருக்கு அவனைக் கம்பி என்றுதான் தெரியும். அந்தப் பெயர் நான் வைத்தது. இரும்பு ஆலையில் கம்பிக் கட்டுகளை எண்ணி லாரியில் ஏற்றிவிடுவது அவன் வேலை. "தப்பே பண்ணாம தெனம் கம்பி எண்றவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்டா" என்று ஒரு நாள் வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். வேறொருவனாக இருந்தால் மறுநாள் அடுத்த வண்டி பார்த்துப் போயிருப்பான். இவன் அடுத்த பாட்டில் தன் பெயரையே கம்பி என்று போட்டுக்கொண்டான்.

ஷிப்டு முடிந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அறைதான் அவன் உலகம். ஒரு பழைய கம்ப்யூட்டர், காதில் மாட்டுகிற ஒரு ஹெட்போன். தீனாவையும் சேர்த்து ராப் பாடுகிற மூன்று பேருக்கு அவனே பீட் போடுவான், அவனே மேனேஜர். ரேடியோவில் வராத பாட்டுகள் அவை. பென் டிரைவில் ஏறி, எங்களைப் போன்ற ஷேர் ஆட்டோக்காரர்கள் வழியாகத்தான் தொழிற்பேட்டை முழுக்கப் பரவின.

முதல் சோதனை என் வண்டியில்தான். டிரைவர் சீட்டில் எனக்கு இடப்பக்கம் ஓரமாகக் குந்திக்கொண்டு, பின்னால் இருப்பவர்களைக் கண்ணாடியில் பார்ப்பான். கம்பெனிக்குப் போகிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டால் பாட்டு பாஸ். நிறுத்தாவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவான். "இந்த இஞ்சின் சத்தத்த தாண்டி வார்த்த கேக்கலனா அது பாட்டே இல்லண்ணே" என்பான்.

எனக்குத் தெரியாமல் ஒரு நாள் என் வாய்க்குப் பக்கத்தில் போனைப் பிடித்திருக்கிறான். பீட் போடுகிறவர்கள் தங்கள் அடையாளமாகப் பாட்டின் தொடக்கத்தில் ஒரு குரலை வைப்பார்களாம். அவன் வைத்தது என் கத்தலை. 'தள்ளிக் குந்து, இன்னொரு ஆளு வருது.' அதன் பிறகு அவன் பாட்டு எல்லாமே அப்படித்தான் ஆரம்பிக்கும். உன் குரலை வைக்காமல் கழுதைக் குரலை ஏன்டா வைத்தாய் என்று கேட்டேன்.

"எடமே இல்லனாலும் நீ ஒரு ஆளுக்கு எடம் பண்ற இல்ல, என் வேலையும் அதாண்ணே" என்றான்.

சென்னையில் ஒரு மேடைக்குக் கூப்பிட்டார்கள். நானும் ரயிலில் கூடப் போனேன். பாட்டில் வருகிற 'இன்னா'வை 'என்ன' என்று மாற்றினால் மேடை ஏறலாம் என்றார் அங்கே நிகழ்ச்சி நடத்துகிறவர். கம்பி கோபப்படவில்லை. "அத்த எட்த்தா பீட்டுல ஓட்ட வுழும் சார்" என்று சொல்லிவிட்டு மூன்று பேரையும் திருப்பி அழைத்து வந்துவிட்டான். தீனா வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அடுத்த வருஷம் அதே மேடையில் 'இன்னா'வோடு அவன் பாடியபோது, கம்பி கீழே நின்று செருப்புக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போவதற்கு இரண்டு நாள் முன்பு காலையில் வழக்கம்போல என் பக்கத்தில் குந்தியிருந்தான். எப்போதும் வண்டிக் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டே வருகிற அவன் கை அன்று மடியில் கிடந்தது.

"நெஞ்சுல பீட்டு தப்புதுண்ணே" என்றான்.

அவன் எப்போதும் பேசுகிற பேச்சு இது. மழையில் பீட், லாரியில் பீட், அவன் மனைவி ஸ்டெல்லா துணி துவைத்தால் அதிலும் பீட். "தப்புனா அதையும் ரெக்கார்டு பண்ணி வுடு, அடுத்த பாட்டு ரெடி" என்றேன். வண்டியே சிரித்தது. அவனும் சிரித்தான். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரி வாசல் வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனேன். ஆலை வாசலில் இறங்கும்போது என் தோளை ஒரு முறை பிடித்துக்கொண்டான். பேலன்ஸுக்கு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை வேலைக்குப் புறப்பட்டு, ஷூ மாட்டக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். பிறகு போய் ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவள் அவன் ஷூவைப் பார்த்தாள்.

"உன்னாண்டனா அதாவது சொல்லிகீறாரு. என்னாண்ட வாயு, இஞ்சி டீ போடுன்னாரு. நானும் போட்டு குட்த்தேன்ணே" என்றாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசிப் பாட்டு பாதியில் நிற்கிறது. பையன்கள் முடிக்கப்போகிறார்கள். என் குரலை வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். ஸ்டெல்லாதான் தடுத்தாள், அது இல்லாவிட்டால் அவர் பாட்டு என்று யாருக்குத் தெரியும் என்று. ஆகவே அது இருக்கும். நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் பின்சீட்டில் ஒரு கிழவி, நெஞ்சு எரியுது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் கேலி பேசாமல் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கு ஆயா என்றேன். டூட்டிக்கு நேரமாகிறது என்று எல்லோரும் கத்தினார்கள்.

"மொளகா பஜ்ஜி துன்னேன் நைனா, எரியாம குளுருமா? வண்டிய எடு" என்றாள் கிழவி.

வண்டியே என்னைப் பார்த்துச் சிரித்தது. கம்பி இருந்திருந்தால் அந்தச் சிரிப்பை ரெக்கார்டு பண்ணியிருப்பான். சிரிக்கட்டும். அவனுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு பென் டிரைவும், அந்த வாசலில் தானாக பிரேக்குக்குப் போகிற காலும்தான். அப்படியும் கிழவியை இறக்கி, சீட்டு வாங்கி டாக்டரிடம் காட்ட உள்ளே அனுப்பிவிட்டு, அவள் வரும்வரை வண்டியை எடுக்காமல் நின்றேன்.